ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியா? அடினாய்டு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்தே வலது மூக்கில் மட்டும் சளி. தண்ணீராக ஓடாது, பசை மாதிரி கெட்டியாக வந்து மேலுதட்டில் காய்ந்து நிற்கும், துடைத்துத் துடைத்து அந்த இடத்தில் தோல் எப்போதும் சிவந்திருக்கும். இடது பக்கம் சுத்தமாக இருக்கும். ஐந்து வருடமாகப் போகிற டாக்டரிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன். சிரப், அலர்ஜி மாத்திரை, வருடத்துக்கு நாலைந்து தடவை ஆன்டிபயாடிக், அவ்வளவுதான் கிடைத்தது.

போன வருடம் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயர் போடவில்லை. பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள், அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை, வீங்கியிருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். "வலது பக்கம் மட்டும்தானே சார் வருது?" என்று கேட்டேன். "எல்லாம் அதனாலதாம்மா" என்றார், பேச்சு அதோடு முடிந்தது. 38,000 ரூபாய் பேக்கேஜ் என்றவர்கள் டிஸ்சார்ஜ் அன்று 61,000 வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பில்லைப் பிரித்துப் பார்த்தால், மூக்கு எண்டோஸ்கோபி 3,500 என்று ஒரு வரி. எப்போது பார்த்தீர்கள் என்று போனில் கேட்டதற்கு, மயக்கத்தில் வைத்துப் பார்த்தோம் என்றார்கள்.

இரண்டு மாதம் ஆகியும் சளி நிற்கவில்லை. போகப் போகச் சரியாகும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் மதுரையில் வேறொரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். அந்தம்மா நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். ஒரு பளபளப்பான ஸ்டீல் தகடை மகளின் மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சுவிடச் சொன்னார், இடது பக்கம் மட்டும் ஆவி படிந்தது. பிறகு மெல்லிய ட்யூப் ஒன்றை விட்டார், இடதில் தொண்டை வரை போனது, வலதில் உள்ளே முட்டி நின்றுவிட்டது. ஸ்கோப்பில் எனக்கே காட்டினார், சளியை உறிஞ்சி எடுத்ததும் பின்னால் வழியே இல்லை, சுவர்தான். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திருநெல்வேலியில் நிஜமாகவே ஸ்கோப் விட்டிருந்தால் இந்தச் சுவர் எப்படித் தெரியாமல் போகும்?

இதன் பெயர் கோயனல் அட்ரீசியா. மூக்கின் பின்வாசல் தொண்டையோடு சேரும் இடம் கருவிலேயே திறக்காமல் போவது. 5,000 முதல் 8,000 பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள். இரண்டு பக்கமும் மூடியிருந்தால் பிறந்தவுடனே தெரிந்துவிடும், பச்சைக் குழந்தைக்கு வாயால் மூச்சுவிடத் தெரியாது, வாயை மூடினால் நீலம் பாரிக்கும், அழுதால் நிறம் திரும்பும். அது உயிர்ப் பிரச்சினை, ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் என்றால் இப்படி வருடக்கணக்கில் சளி என்றே ஓடிவிடுகிறது.

சிடி ஸ்கேன் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், முன்னதாக மூக்கில் சொட்டு மருந்து விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் சளி எது அடைப்பு எது என்று படத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம். இந்தக் குறையோடு இதயம், கண், காது கோளாறுகள் சேர்ந்து வரும் சில குழந்தைகள் உண்டு என்பதால் அவற்றையும் பார்த்தார்கள். நல்லவேளை, மகளுக்கு எதுவும் இல்லை.

ஆபரேஷன் முழுக்க மூக்கு வழியாகத்தான், முகத்தில் வெட்டுக் கிடையாது. அடைத்திருந்த எலும்பையும், மூக்கின் நடுத்தண்டின் பின்பகுதி எலும்பில் கொஞ்சத்தையும் எடுத்து வழியை அகலமாக்கினார்கள். திரும்பச் சுருங்க வாய்ப்பு உண்டு என்பதை முதலிலேயே சொன்னார்கள், அதனால் தினமும் சலைன் விட்டுக் கழுவுகிறோம், சொன்ன தேதியில் ஸ்கோப்புக்குப் போகிறோம். சில டாக்டர்கள் உள்ளே ட்யூப் வைப்பார்களாம், இவர் வைக்கவில்லை. ஆபரேஷன் ஆன மூன்றாவது வாரம் அவள் இடது மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு வந்து என் கன்னத்தில் மூச்சு விட்டுக் காட்டினாள்.

உங்கள் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் விடாமல் சளி வந்தால், ட்யூப் விட்டுப் பார்த்தீர்களா, ஸ்கோப் பார்த்தீர்களா என்று கேளுங்கள், படத்தையும் கேட்டு வாங்குங்கள். மூக்குக்குள் எதையாவது போட்டுக்கொண்டாலும் இப்படி வரும், அதற்கும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. திருநெல்வேலி மருத்துவமனையில் எங்களுக்குப் பத்தொன்பதாம் நாள்தான் கொடுத்தார்கள். அதில் ஆபரேஷன் குறிப்பு இருக்கிறது, எண்டோஸ்கோபி பற்றி ஒரு வரிகூட இல்லை.