டிஷ்ஷா ஸ்ட்ரீமிங்கா, சுங்கை சிப்புட் நிலவரம்

கேபிள் டிவி காணாம போயிடுமான்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க, நம்ம மலேசியாவுல, அதுவும் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல கேபிள் எப்ப இருந்துச்சு சொல்லுங்க? மெகா டிவின்னு ஒண்ணு 1995-ல வந்து 2001-லயே கடைய மூடிட்டாங்க, தோட்டத்துப் பக்கம் அத வச்சிருந்த ஒரு வீட்ட கூட நான் பாத்ததில்ல. நமக்கு 1996-ல ஆஸ்ட்ரோங்கிற சேட்டலைட் டிவி வந்துச்சு, கூர மேல டிஷ் ஏறுச்சு, அவ்ளோதான். அதனால இங்க சண்ட டிஷ்ஷுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும்தான்.

மொதல்ல மழை. நம்ம ஊரு டிஷ்ஷ கவனிச்சிருக்கீங்களா, கிட்டத்தட்ட மல்லாக்கப் படுத்திருக்கும், ஏன்னா ஆஸ்ட்ரோ சேனலெல்லாம் அனுப்புற மீசாட் சேட்டலைட்டு 91.5 டிகிரி கிழக்குல, நம்ம உச்சந்தலைக்கு கொஞ்சம் மேற்கால நிக்குது. அந்த சிக்னல கன மழை குடிச்சிடும், எந்தக் கம்பெனி டிஷ்ஷா இருந்தாலும் இதே கததான். சாயங்காலம் செம்பனைக்காட்டுப் பக்கம் கருத்துச்சுன்னா எங்கம்மா ரிமோட்ட வச்சிட்டு கொடில துணி எடுக்கப் போயிடுவாங்க, திரும்பி வர்றதுக்குள்ள படம் கட்டம் கட்டமா ஒடஞ்சிருக்கும்.

ஸ்ட்ரீமிங்குக்கு மழைத் தொல்ல அவ்வளவா இல்ல, ஆனா லைன் வேணுமே. டவுன்ல பைபர் போட்ட வீட்டுக்குப் பேச்சே இல்ல. உள்ள தோட்டத்துல இருக்குற மாமா வீட்ல போன் டேட்டாதான், எச்டில பாத்தா மணிக்கு 3 ஜிபி வரைக்கும் போவும், தரத்த கொறச்சு வச்சாலும் ஒரு 1 ஜிபி, நம்ம படமெல்லாம் ரெண்டர மணி நேரம், நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. அதனால அவரு என்ஜோய்ங்கிற ஆஸ்ட்ரோவோட டிஷ் பெட்டி வச்சிருக்காரு, 2012-ல வந்தது, பெட்டிக்கு ஒரு தடவ காசு குடுத்தா மாசாமாசம் கட்ட வேணாம். சேனல் கம்மிதான், ஆனா மனுசன் நிம்மதியா இருக்காரு.

காசுன்னு பாத்தா ஸ்ட்ரீமிங்ல வேணாம்னா அடுத்த மாசமே நிறுத்திக்கலாம், அது நல்லது. ஆனா ஒண்ணோட நிக்கிறதில்லையே! 2016-ல நெட்பிளிக்ஸ், 2021-ல ஹாட்ஸ்டார், தமிழ்ப் படத்துக்கு சன் நெக்ஸ்ட், எல்லாத்துக்கும் வெள்ளி (ரிங்கிட்) கட்டி கூட்டிப் பாத்தா டிஷ் பில்லே தேவலாம் போல இருக்கு. இதுல வேடிக்க என்னன்னா இப்ப ஆஸ்ட்ரோ பாக்கேஜோடவே நெட்பிளிக்ஸும் சேத்து விக்கிறாங்க, சண்ட போடுறவங்க ஒரே தட்டுல சாப்புட்றாங்க.

பந்து பாக்குறவங்களுக்கு என் ஓட்டு டிஷ்ஷுக்குதான். ஸ்ட்ரீமிங் லைவ் பின்தங்கித்தான் வரும், அர நிமிசம் கூட ஆவும், டிஷ் வச்சிருக்குற பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடைல "கோல்"னு கத்திட்டாங்க, நம்ம வீட்டுப் போன்ல இன்னும் கார்னரே அடிக்கல.

அம்மா விசயம் தனி. ஆஸ்ட்ரோல 201 அமுக்குனா வானவில்ங்கிற தமிழ் சேனல், கண்ண மூடிட்டே அமுக்குவாங்க. ஆப்ப தொறந்து குடுத்தா "இது எத்தனாம் நம்பருடா"ங்கிறாங்க. போன வாரம் மழைல டிஷ் போனப்ப பையனோட போன்ல விளம்பரம் இல்லாத ப்ளான்ல சீரியல் போட்டுக் குடுத்தேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு, "விளம்பரமே வரல, நான் எப்படா அரிசி களையறது"ன்னு போன திருப்பிக் குடுத்துட்டாங்க.