பூட்டிய வீட்டில் ஓடிய மீட்டர்: வாட் மீட்டர் வாங்கிய கதை

வீட்டைப் பூட்டிவிட்டு 12 நாள் வெளியூர் போயிருந்தோம். ஃபிரிட்ஜைக்கூடக் காலி செய்து, துடைத்து, அணைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். திரும்பி வந்த அப்பா செருப்பைக் கழற்றாமல் நேரே மீட்டரிடம் போய் நின்றார். கிளம்பும்போது நோட்டில் எழுதிவைத்த எண்ணைக் கழித்துப் பார்த்தால் 24 யூனிட். "ஆளே இல்லாத வீட்டுல இத்தனையும் யாரும்மா தின்னது?" என்றார்.

அவருக்குச் சந்தேகமே சார்ஜர்கள் மேல்தான். படுக்கப் போகுமுன் அறை அறையாகப் போய் சார்ஜர்களைப் பிடுங்கிவைப்பது அவருடைய பல வருட வழக்கம். ஆனால் ஊருக்குப் போகுமுன்னும் எல்லாவற்றையும் அவரேதான் பிடுங்கிவைத்தார். அப்படியென்றால் தின்றது யார்? இதைக் கண்டுபிடிக்கத்தான் பிளக்கில் செருகுகிற வாட் மீட்டர் ஒன்று வாங்கினேன். இரண்டு மாதமாகக் கையில் இருக்கிறது.

கருவி எளிமையானது. சுவர் பாயிண்டில் இதைச் செருகி, இதன் முகத்தில் நம் சாமானைச் செருக வேண்டும். இந்த நொடியில் எத்தனை வாட், செருகியதிலிருந்து மொத்தம் எத்தனை யூனிட், வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் (வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்ற எண்) எல்லாம் காட்டும். யூனிட் விலையைக் கொடுத்தால் செலவும் காட்டுமாம். அந்தப் பட்டன்களோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டேன்.

முதல் விசாரணை சார்ஜர்தான். செருகினேன். 0.0. இன்னொன்று. அதுவும் 0.0. அப்பா முகத்தில் ஏமாற்றம். ஆனால் அந்தப் பூச்சியத்தை அப்படியே நம்பக்கூடாது. இந்த வகைக் கருவிக்கு ஒரு வாட்டுக்குக் கீழே கண் சரியாகத் தெரியாது. அதனால் வீட்டிலிருந்த ஒன்பது சார்ஜர்களையும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் வரிசையாகக் குத்தி, மொத்தமாக அளந்தேன். போன் எதுவும் மாட்டாமல் ஒன்பதும் சேர்ந்து 1.1 வாட். வருடம் முழுக்கப் பிடுங்காமல் விட்டாலும் பத்து யூனிட் வராது.

அடுத்தது செட் டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தால் பச்சை விளக்கு சிவப்பாக மாறும், ஓய்வெடுக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். படம் ஓடும்போது 15 வாட், சிவப்பு விளக்கில் 14. அணைத்து மிச்சப்படுத்தியது ஒரே ஒரு வாட்! விளக்கின் நிறத்தை மாற்றத்தான் அந்தப் பட்டன் போலிருக்கிறது. வருடத்துக்கு 120 யூனிட்டுக்கு மேல். சும்மா கிடக்கும் கருவி ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற இலக்கை சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே முன்வைத்தது. எங்கள் டிவி அதற்கு அடங்கி 0.4 வாட்டில் தூங்குகிறது. பக்கத்திலேயே இருக்கும் இந்தப் பெட்டிக்குச் செய்தி எட்டவில்லை.

ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 12. மைக்ரோவேவின் கடிகாரத்துக்கு 2. பழைய ஸ்பீக்கர் செட்டில்தான் ஒரு சண்டை. தம்பி அவனுடைய கிளாம்ப் மீட்டரால், அதாவது கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் கருவியால், ஆம்பியரை அளந்து, வோல்டால் பெருக்கி, 31 வாட் என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். வாட் மீட்டர் சொன்னது 7. கூடவே பவர் ஃபேக்டர் 0.22. உள்ளே இருப்பது கனமான பழைய டிரான்ஸ்பார்மர். அது இழுக்கும் கரண்டில் பெரும்பங்கு வேலை செய்யாமல் போய்த் திரும்பி வந்துவிடும், வீட்டு மீட்டர் அதைப் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. தம்பியின் 31 நம் பில்லில் வராது. பவர் ஃபேக்டரைக் காட்டாத வாட் மீட்டர் எதையும் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கூட்டிப் பார்த்தேன். 14, 12, 7, 2, அப்புறம் டிவியின் 0.4. மொத்தம் 35. ஆனால் 12 நாள் என்றால் 288 மணி நேரம், 24 யூனிட் என்றால் 24,000 வாட்-மணி. வகுத்தால் சராசரி 83 வாட். பாதிக்கு மேல் காணோம். காசு கொடுத்து வாங்கிய கருவி இந்த இடத்தில் கையை விரித்துவிட்டது. பிளக் இல்லாத எதையும் அதனால் அளக்க முடியாது.

இதற்குப் பிறகு உதவியது வீட்டு மீட்டரிலேயே மினுக்கிக்கொண்டிருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு. எங்கள் மீட்டரின் முகப்பில் 3200 என்று போட்டிருக்கிறது, அதாவது ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கு. உங்களுடையதில் 1600 என்றோ 1000 என்றோ இருக்கலாம். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை இரண்டு மினுக்குகளுக்கு இடையிலுள்ள நொடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். எங்களுக்கு 1125-ஐ நொடியால் வகுத்தால் போதும். ஃபிரிட்ஜையும் விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஊருக்குப் போனபோது இருந்த மாதிரியே வீட்டை வைத்து எண்ணினால் 19 நொடிக்கு ஒரு மினுக்கு. 59 வாட்.

பிறகு எம்.சி.பி.க்களை, அதாவது மெயின் பெட்டியில் லைனுக்கு ஒன்றாக இருக்கும் ஸ்விட்சுகளை, ஒவ்வொன்றாக இறக்கி எண்ணலாம் என்று கிளம்பினேன். முதல் நாள் முழுக்க வீண். மெயினை இறக்கினால் வீடு இருட்டாகும் என்று பார்த்தால், இன்வெர்ட்டர் விசுவாசமாக எழுந்து பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டது. முக்கால் மணி நேரம் நான் ஏற்றி இறக்கி விளையாடியதற்கெல்லாம், கரண்டைத் திரும்பப் போட்டதும் அது வட்டியோடு சார்ஜ் ஏற்றிக்கொண்டது. சிவப்பு விளக்கு ஓயாமல் மினுக்கியது. மறுநாள் பேட்டரி நிறைந்தபின், பிளக் சாமான்களை எல்லாம் உருவிவிட்டுத் திரும்ப எண்ணினேன். 47 நொடிக்கு ஒரு மினுக்கு, அதாவது 24 வாட். இன்வெர்ட்டரையும் அணைத்தேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன், மினுக்கவே இல்லை. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகி ஒரே ஒரு தடவை. அது காலிங் பெல்லின் டிரான்ஸ்பார்மர், 2 வாட். நிறைந்த பேட்டரியைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருக்க மட்டும் இன்வெர்ட்டர் எடுத்தது 22.

பிளக் சாமான்கள் 35, இன்வெர்ட்டர் 22, பெல் 2. இப்போது கணக்கு 59-க்குச் சரி. ஆனால் அப்பாவின் நோட்டு சொல்வது 83. "நோட்டு தப்பாது" என்றார். உண்மையிலேயே தப்பவில்லை. இரண்டு நாள் கழித்து மாலையில் மெயின் பெட்டி பக்கமாகப் போன அவர் கூப்பிட்டார். விளக்கு நொடிக்கு இரண்டு தடவை அடித்துக்கொண்டிருந்தது. 2000 வாட்டுக்கும் மேல்! நாங்கள் வீடு முழுக்க ஓடித் தேடுவதற்குள் நின்றேவிட்டது. பின்கட்டு குளியலறையின் வாட்டர் ஹீட்டர். யாரும் புழங்காத குளியலறை. ஸ்விட்சில் இருந்த சின்ன விளக்கு எப்போதோ செத்துப்போனதால், அணைந்திருக்கிறது என்றே எல்லோரும் நினைத்திருக்கிறோம். உள்ளே தண்ணீர் ஆற ஆற, தெர்மோஸ்டாட் அவ்வப்போது சில நிமிடம் சூடாக்கிவிட்டு நிறுத்தியிருக்கிறது. நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 59-க்கும் 83-க்கும் இடையே காணாமல் போன சராசரி 24 வாட் அதுதான். ஒரு நேரத்தில் எடுத்த அளவை மட்டும் நம்பினால் இப்படிப்பட்டவை நழுவிவிடும். இதே காரணத்தால் ஃபிரிட்ஜை அளப்பவர்கள் வாட் எண்ணைப் பார்க்காமல், ஒரு முழு நாள் விட்டு யூனிட் எண்ணைப் பாருங்கள்.

கருவியின் மேல் குறைகள் உண்டு. பருமனாக இருப்பதால் பக்கத்து பாயிண்டை மறைக்கிறது. திரைக்கு விளக்கு இல்லை. தரையோரப் பாயிண்டில் செருகினால் முட்டிபோட்டு, டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். நினைவுக்காக உள்ளே பட்டன் செல் இருக்கிறது, எனக்கு வந்ததில் அது ஏற்கனவே தீர்ந்திருந்தது. ஃபிரிட்ஜின் 20 மணி நேரக் கணக்கு ஒரு கரண்ட் கட்டில் அழிந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்குமுன் ஒரு ராத்திரி உங்கள் மீட்டரின் விளக்கை எண்ணிப் பாருங்கள். எல்லாம் அணைத்தபின் பத்து, பதினைந்து வாட்தான் என்றால் இது உங்களுக்குத் தேவையே இல்லை. ஐம்பதைத் தாண்டினால், நாலு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும், ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் வேலை இருக்காது.

போன வாரம் ஐந்து நாள் திரும்பவும் வீட்டைப் பூட்டினோம். ஹீட்டர், செட் டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், சார்ஜ் நிறைந்த இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேமராவுக்காக ரவுட்டரை மட்டும் ஓடவிட்டோம். திரும்பி வந்து அப்பா நோட்டில் எழுதியது 2 யூனிட். எழுதிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இந்த ரெண்டு?"