நடத்தை விதியும் பூட்டுப் பொத்தானும்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸில், பைத்தான் நிரல்மொழிக்கான ஒரு சிறிய நூலகத்தை (மற்றவர்கள் தங்கள் நிரலில் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பு) நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். பெரிய பெயரெல்லாம் இல்லை. ஆனால் பங்களிப்பவர்கள் பல நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. தகராறு வந்தால் சமாளிக்க எங்கள் கையில் இருப்பவை இரண்டு: காண்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற நடத்தை விதி, கோடு வைத்துச் சேர்ந்து வேலை செய்யும் தளமான கிட்ஹப் தரும் மாடரேஷன் பொத்தான்கள், அதாவது பேச்சைக் கட்டுப்படுத்தும் பொத்தான்கள். வருடக்கணக்கில் புழங்கிய பிறகு என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசவுக்கு இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் எங்கள் திட்டத்தை விட்டுப் போனவர்களில் யாரும் வசவு வாங்கிப் போகவில்லை.

காண்ட்ரிபியூட்டர் கவனன்டை 2014-இல் எழுதியவர் கோரலைன் அடா எம்கே. அதன் வெற்றிக்குப் பாதிக் காரணம் சோம்பேறித்தனம் என்பேன். கோப்பை எடுத்து ரெப்போவில் (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் கிடங்கு) போட்டால் முடிந்தது. ஒரே ஓர் இடத்தை மட்டும் நாம் நிரப்ப வேண்டும்: புகார் யாருக்கு அனுப்புவது என்ற தொடர்பு முகவரி. அந்த இடத்தைக்கூட நிரப்பாமல், சதுர அடைப்புக்குள் இருக்கும் 'இங்கே எழுதவும்' வாசகத்தோடு அப்படியே விட்டிருக்கும் ரெப்போக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே யாராவது புகார் தர நினைத்தால் சுவரிடம்தான் தர வேண்டும்.

கவனன்டின் 2.0 பதிப்பில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் முறையைத் தழுவி நான்கு படி ஏணி ஒன்று சேர்ந்தது: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. புதிதாக வந்து வாய்க்கு வந்தபடி பேசுகிறவரிடம் இது மிகவும் உதவுகிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தோடு நாமே வாசகம் தேட வேண்டியதில்லை. எந்தப் படி, என்ன நடந்தது, இனி என்ன என்று மூன்று வரியில் தனி மடல் அனுப்பிவிட்டுத் தூங்கப் போகலாம். இரண்டாவது படியில் இருக்கும் ஒரு நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எச்சரிக்கை பெற்றவர், சொல்லப்பட்ட காலம் வரை சம்பந்தப்பட்டவரிடம் மட்டுமல்ல, விதியை நடைமுறைப்படுத்துகிறவர்களிடமும் தானாகப் போய்ப் பேசக் கூடாது. மாடரேட்டரும் மனிதர்தானே.

அப்புறம் பொத்தான்கள். பின்னூட்டத்தை மறைக்கலாம், மறைத்த காரணம் மேலே தெரியும், விரும்பினால் விரித்துப் படிக்கலாம். அழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். அழித்தால் ஒரு பின்னூட்டம் நீக்கப்பட்டது என்ற தடம் மட்டும் நிற்கும், அதற்குள் என்ன இருந்தது என்ற ஊகம்தான் அடுத்த சண்டை. ஊடாடல் வரம்பு என்று ஒன்று உண்டு. புதுக் கணக்குகளையோ, இதுவரை பங்களிக்காதவர்களையோ 24 மணி நேரம் தொடங்கி ஆறு மாதம் வரை தள்ளி வைக்கலாம். வெளியே எங்கோ இணைப்பு பரவிக் கூட்டம் திரண்டு வரும்போது இதைப் போல ஒன்று வேறில்லை.

உரையாடலைப் பூட்டும் பொத்தானை மட்டும் நான் யோசித்துத்தான் தொடுகிறேன். பூட்டினாலும் ரெப்போவில் எழுதும் உரிமை உள்ளவர்கள் தொடர்ந்து பேசலாம். அதாவது தகராறு திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்கும் வெளியாளுக்கும் இடையே என்றால், பூட்டு வெளியாளின் வாயை மட்டும் அடைக்கிறது. அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: பூட்டுகிறவர் அந்த வாதத்தில் பேசியிருக்கக் கூடாது, பூட்டிய பிறகு எங்களில் யாரும் அங்கே ஒரு வரிகூட எழுதக் கூடாது.

சரி, வசவே இல்லாத தகராறுக்கு வருவோம். எங்கள் பழைய பங்களிப்பாளர் ஒருவர், திறமைசாலி, மரியாதையானவர். புதிதாக வந்த ஒருவர், உள்ளே வரும் உரையைப் பிரித்துப் படிக்கும் பார்சர் பகுதியைத் திருத்தி வரிசையாகப் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் பழையவரிடமிருந்து பதில் வரும். 'இதை ஏற்கெனவே பேசிவிட்டோம்.' 'தேவை என்ன என்று தெளிவில்லை.' 'இன்னும் சிறியதாகப் பிரிக்கவும்.' பிரித்து அனுப்பினால் பல வாரம் மௌனம். ஒரு வார்த்தைகூட விதியை மீறவில்லை. புதியவர் தமிழர் என்பதால் என்னிடம் போனில் மனம்விட்டுப் பேசினார்: "ப்ரோ, அவர் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா ரிப்போர்ட் பண்ணிட்டுப் போயிருப்பேன்."

ஏணியில் இதற்குப் படி கிடையாது. பார்சரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மூன்றாவது மெயின்டெய்னர் ஒருவர் இருவரிடமும் தனித்தனியாகக் குரலில் பேசினார். எழுத்தில் பேசாததற்குக் காரணம் உண்டு. எழுதினால் இருவருமே பின்னால் யாரோ படிப்பார்கள் என்று வழக்கறிஞர் போல எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர் முதலில் கேட்டது 'யார் என்ன சொன்னார்' என்று அல்ல, 'இந்தக் கோடில் எது உடையும் என்று பயப்படுகிறீர்கள்' என்று. பழையவரின் பயம் நியாயமானது. முந்தைய ஒரு மாற்றத்தில் எழுந்த பிழைகளை மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து சரிசெய்தவர் அவர். பார்சருக்கு யார் பொறுப்பு என்று எங்குமே எழுதி வைக்கப்படவில்லை. அவர் தன்னுடையது என்று நினைத்தார், மற்றவர்கள் பொதுச் சொத்து என்று நினைத்தார்கள். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் இருவர் பெயரைச் சேர்த்தோம், பதில் சொல்ல ஒரு கெடு வைத்தோம், இருவரும் ஒத்துப்போகாவிட்டால் யார் முடிவெடுப்பார் என்று எழுதினோம். புதியவர் இன்னும் இருக்கிறார். பழையவர் சில மாதம் கழித்து ஒதுங்கிவிட்டார். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரிய திட்டங்களிலும் இந்த இடைவெளி தெரிகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல் திட்டம் 2015-இல் 'கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' என்ற குட்டி ஆவணத்தோடு சமாளித்துப் பார்த்தது. 2018 செப்டம்பரில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச நாள் விலகியபோது, அந்த இடத்துக்குக் காண்ட்ரிபியூட்டர் கவனன்ட் வந்தது. கவனிக்க வேண்டியது, அதைத் தொடர்ந்து சேர்த்த விளக்கக் குறிப்பு. அதில் புகார்க் குழுவைத் தவிர, தகராறுகளில் ஆலோசனை கேட்க மத்தியஸ்தர் என்று தனியே ஒருவரைக் காட்டினார்கள்: எஸ்எஃப்எல்சி.இன் என்ற இந்திய டிஜிட்டல் உரிமை அமைப்பை நிறுவிய வழக்கறிஞர் மிஷி சௌத்ரி. குழுவின் முடிவைத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மாற்றலாம் என்றும் எழுதினார்கள். தண்டனைக்கு ஒரு வாசல், சமாதானத்துக்கு வேறு வாசல். கோப்பை மட்டும் நகலெடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டாவது வாசல் தானாகக் கிடைப்பதில்லை.

மேலே இருப்பவர்கள் தகராறில் சிக்கினால் என்ன செய்வது என்பதற்கு ரஸ்ட் நிரல்மொழித் திட்டம் உதாரணம். 2021 நவம்பரில் அதன் மாடரேஷன் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. மையக் குழு தன்னைத் தவிர யாருக்கும் பதில் சொல்வதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 2023-இல் புதிய தலைமைக் கவுன்சில் அமைந்தபோது, மாடரேஷன் குழுவின் நடவடிக்கையைத் தணிக்கை செய்யக்கூடிய துணை மாடரேட்டர்களையும் ஏற்படுத்தினார்கள். எங்களைப் போன்ற கைவிரல் எண்ணிக்கைக் குழுவுக்கு இது சாத்தியமில்லை. பதிலுக்கு, எங்களில் ஒருவர் மீதே புகார் வந்தால் பார்க்க வெளித் திட்டத்து நண்பர் ஒருவரின் முகவரியைத் திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் கொடுத்திருக்கிறோம். இதுவரை யாரும் அவருக்கு எழுதவில்லை. நம்பிக்கையாலா, முகவரி கண்ணில் படாததாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இன்னமும் எனக்கு விடை பிடிபடாத விஷயம், எவ்வளவு வெளியே சொல்வது என்பது. பைத்தானில் 2024 ஆகஸ்டில் மூத்த மைய டெவலப்பர் ஒருவரை மூன்று மாதம் இடைநீக்கம் செய்து காரணங்களைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலே பெரும் விவாதமானது. சொல்லாமல் விட்டிருந்தால் இருட்டறை விசாரணை என்றிருப்பார்கள். நாங்கள் நடவடிக்கையை மட்டும் ஒரு வரியில் அறிவிக்கிறோம், பெயரும் விவரமும் தருவதில்லை. சிறிய திட்டத்தில் யார் என்று எல்லோருக்கும் எப்படியும் தெரிந்துவிடும்.

2025-இல் வந்த கவனன்டின் 3.0 பதிப்பில், நிரந்தரத் தடையைத் தவிர மற்ற ஒவ்வொரு படியிலும் தண்டனையோடு சேதத்தைச் சரிசெய்யும் வழியையும் சேர்த்திருக்கிறார்கள். நான் இத்தனை நாள் குறை சொன்ன இடத்தை நோக்கிய நகர்வு இது. ஆனால் சரிசெய்யும் பேச்சுக்கு நேரம் கொடுக்க ஆள் வேண்டும், எங்களிடம் இருப்பவர்கள் எல்லோரும் சம்பளமில்லாமல் வார இறுதியில் வேலை பார்ப்பவர்கள். மாறுவதற்கான புல் ரிக்வெஸ்ட் திறந்தே இருக்கிறது. மத்தியஸ்தர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்ற கேள்வியில் நிற்கிறது.