தொடக்கப் பள்ளி நூலகம்: தனிப் பிரிவேளையா, பாடத்தோடு சேர்த்தா?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நூலகம் என்றால் பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில் நிற்கும் ஒரு பீரோதான். நூலகர் கிடையாது. ஐந்து வகுப்பையும் இரண்டே ஆசிரியர் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் இருக்கின்றன. இந்த நிலையில் பிள்ளைகளை வாசிக்கப் பழக்குவதும், வேண்டிய செய்தியைத் தேடி எடுக்கப் பழக்குவதும் எப்படி என்று பேச்சு வந்தால் ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். வாரம் ஒரு நூலகப் பிரிவேளை ஒதுக்கி அதிலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கலாம் என்பார்கள் சிலர். தனிப் பிரிவேளை வீண், பாடம் நடக்கும்போதே பீரோவைத் திறந்தால் போதும் என்பார்கள் மற்றவர்கள்.

இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்புக்குத் தனிப் பிரிவேளை வேண்டும். தேடலுக்கு அது உதவாது. வாசிப்பும் தேடலும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரே மணி நேரத்தில் திணிக்கும்போது இரண்டுமே கெட்டுப்போகின்றன.

வாசிப்பு

நான்காம் வகுப்பில் இருந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது இதற்காகத்தான். ஆனால் பாடத்தோடு சேர்த்துப் புத்தகம் எடுக்கும்போது அந்தப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் ஒரே புத்தகம்தான் கையில் வரும். பக்கத்தில் இருப்பவள் மூன்று பக்கம் தாண்டியிருப்பாள். இவன் முதல் வரியிலேயே நிற்பான். அந்த வெட்கம் வாசிப்பையே வெறுக்க வைத்துவிடும்.

தனிப் பிரிவேளையில் அவன் படம் நிறைந்த மெல்லிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்காரலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆசிரியர் ஒரு கதையைக் குரல் ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டலாம். பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு புத்தகம் எடுத்துப் போகலாம். கிழித்துவிடுவார்களே என்ற பயத்தில் பீரோவைப் பூட்டி வைப்பதைவிட, நாலு புத்தகம் கிழிந்து ஒட்டுப் போட்டிருப்பது எவ்வளவோ மேல்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாது. “கதையின் நீதி என்ன, ஐந்து வரியில் எழுது” என்று சொல்லிவிட்டால் அதுவும் இன்னொரு தமிழ்ப் பாடவேளை ஆகிவிடும். “பிடிச்சிருந்துச்சா?” என்று கேட்டால் போதும். இல்லை என்று சொன்னால் வேறு புத்தகம் கொடுக்க வேண்டும்.

தேடல்

இங்கேதான் தனிப் பிரிவேளை தோற்றுப்போகிறது. கரும்பலகையில் பொருளடக்கம், ஆசிரியர் பெயர், பதிப்பகம், அகராதி என்று எழுதிப்போட்டு விளக்குவார்கள். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். தேடுவதற்கு ஒன்றும் இல்லாதவனுக்குப் பொருளடக்கம் எதற்கு? அடுத்த வாரம் கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது.

கேள்வி முதலில் வர வேண்டும். நம் ஊரில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பறவைகளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஐந்தாம் வகுப்பு அறிவியல் நேரத்தில், “டீச்சர், அந்தத் தலையில பட்டை போட்ட வாத்து எங்கன இருந்து வருது?” என்று ஒருத்தி கேட்டாள் என்று வையுங்கள். அப்போது பீரோவைத் திறந்தால் அந்த அரைமணி நேரத்தில் நடப்பதைத் தனிப் பிரிவேளையில் ஒரு பருவம் முழுக்க நடத்தினாலும் கொண்டுவர முடியாது.

முதல் சிக்கல், எந்தச் சொல்லைத் தேடுவது? வாத்து என்றா, பறவை என்றா, வலசை என்றா? தேடலில் மிகக் கடினமான படி இதுதான். பெரியவர்களும் இங்கேதான் தடுமாறுகிறோம். பிள்ளைகளே சொற்களைச் சொல்லட்டும், பலகையில் எழுதுங்கள். அடுத்தது பொருளடக்கம். தமிழில் வரும் சிறுவர் நூல்களில் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் தரும் பட்டியல்) அரிது என்பதால் பொருளடக்கத்தைப் பார்த்து ஊகிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாகவே தேவை. பக்கம் கிடைத்ததும் வாசித்து, புத்தகத்தை மூடி, வாயால் சொல்லி, அதற்குப் பிறகு எழுத வேண்டும். மூடாமல் எழுதவிட்டால் வரிக்கு வரி பார்த்து எழுதுவார்கள். ஒன்றும் மனதில் நிற்காது.

மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி, குளிர்காலத்தைக் கழிக்க வருகின்றன என்று புத்தகத்தில் கிடைக்கும். வீட்டில் தாத்தாவிடம் கேட்டுவரச் சொன்னால், “குளத்துல தண்ணி கெடந்தாத்தான் வரும்” என்பார். இரண்டும் சரிதான். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து குளம் நிறைவதைப் பொறுத்தே அந்த ஆண்டின் பறவை வரத்து அமைகிறது. எது எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருந்தது, எது யார் சொன்னது என்று இரண்டையும் குறித்துவைக்கப் பழகிய பிள்ளைக்கு ஆராய்ச்சியின் அடிப்படை வந்துவிட்டது. சேரன்மாதேவிப் பிள்ளைகளுக்குத் தாமிரபரணி, பத்தமடைப் பிள்ளைகளுக்குக் கோரைப்பாய் என்று அந்தந்த ஊரே கேள்வியை எடுத்துக் கொடுக்கும்.

இந்த வழியிலும் குறை இல்லாமல் இல்லை. பீரோவில் என்னென்ன இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடம் முடிக்கும் அவசரம் எப்போதும் கழுத்தைப் பிடிக்கும். அதோடு, கேள்வி வரும்வரை காத்திருக்க முடியாத திறன் ஒன்று உண்டு: அகரவரிசை. அ, ஆ, இ ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அகராதி பார்க்கத் தெரியாது. பட்டம், பணம், பந்து, பருந்து, பலகை, பழம், பள்ளி, பறவை, பனை என்ற ஒன்பது சொற்களையும் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப்போட்டு, அகராதி வரிசையில் அடுக்கச் சொல்லிப் பாருங்கள். பணம் இரண்டாவது, பனை கடைசி என்று கண்டுபிடிப்பதற்குள் க, ங, ச வரிசை முழுவதையும் மனதுக்குள் ஓட்டியாக வேண்டும். இது காலை வழிபாடு முடிந்ததும் பத்து நிமிடத்தில் ஆடும் விளையாட்டாக இருக்கலாம்.

அடுக்கும் முறை

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் பள்ளிகளுக்குத் தரும் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வருகின்றன. கதைப் புத்தகங்களுக்கு அது அருமையான ஏற்பாடு. தகவல் நூல்களையும் அப்படியே நிலைவாரியாக அடுக்கினால், பறவையைப் பற்றித் தேடும் பிள்ளை நாலு பெட்டியைக் கிளற வேண்டும். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று 1931-லேயே விதி வகுத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஆகவே கதைகளை நிலைவாரியாகவும், தகவல் நூல்களைப் பொருள்வாரியாகவும் வையுங்கள். நிலையைக் காட்ட முதுகில் ஒரு வண்ணத்தாள் போதும். எண் போடும் வகைப்பாடு இந்த வயதுக்குத் தேவையில்லை.

ஆசிரியரின் கைப்பேசி விடையை உடனே கொடுத்துவிடும். பிள்ளை நடந்து பழக வேண்டிய வழி அதில் தெரியாது. புத்தகத்தில் கிடைத்ததைச் சரிபார்க்க இரண்டாவதாக எடுக்கலாம், முதலாவதாக வேண்டாம்.

ஈராசிரியர் பள்ளியில் இவ்வளவும் நடக்குமா என்றால், குறைத்து நடத்தலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை ஐந்து வகுப்புக்கும் சேர்த்து வாசிப்புக்கு மட்டும். 4, 5-ஆம் வகுப்புக்கு மாதம் ஒரு தேடல், அறிவியல் அல்லது சமூக அறிவியல் நேரத்தில். பள்ளி நூலக மானியத்தில் புத்தகம் வாங்கும்போது முதலில் இரண்டு தமிழ் அகராதி, பிறகு பறவை, செடிகொடி, நிலப்படம் பற்றிய தகவல் நூல்கள். கதைப் புத்தகம் எப்படியும் வந்து சேர்கிறது. பீரோக்களில் குறைவாக இருப்பது தகவல் நூல்தான்.