உப்புவெளி அப்பக் கடை

திருகோணமலையில காலைச் சாப்பாட்டுக்கு எங்க போறது எண்டு கேட்டால், உப்புவெளிக் கடற்கரைக்குப் போற வழியில இருக்கிற இந்தத் தகரக் கொட்டிலைத்தான் சொல்லுவன். பாலப்பம் ஓரம் முறுகி, நடுவில தேங்காய்ப்பால் கட்டியா நிக்கும். கட்டச்சம்பல் நல்ல உறைப்பு, சின்னப் பிள்ளையளுக்குச் சரிவராது.

2004 சுனாமியில கடை நடத்துற அக்காவுக்கு மனுசனும் வீடும் போச்சு. 2022இல காஸ் இல்லாத மாதங்களில, தாச்சிக்குக் கீழயும் மூடிக்கு மேலயும் சிரட்டை நெருப்புப் போட்டுச் சுட்டவா. ருசி இன்னும் கூடினது எண்டுதான் சொல்லவேணும்.

"கடலோட கோவிச்சுக்கொண்டு இருந்தால் ஆர் தம்பி அப்பம் சுடுறது? விடியப்புறம் எழும்பி மா கரைக்கேக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?" எண்டு சொல்லிக்கொண்டே தாச்சியைச் சுழட்டுவா. அந்த முகத்தைப் பார்க்கவே போகலாம்.

இருக்க இரண்டு வாங்குதான். எட்டரைக்கு முதல் போங்கோ, பிறகு மா முடிஞ்சிடும்.