கப்பலில் ஒரு சும்மா நாளும் திருமலையில் ஒரு போட் நாளும்

கனடாவில் இருக்கும் அக்கா அப்பாவையும் அம்மாவையும், துணைக்கு என்னையும், ஒரு பெரிய பயணக் கப்பலில் ஏற்றிவிட்டார். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்து, கொழும்பில் இறங்கினோம். திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கரையே தெரியாத அந்த இரண்டு நாளும் அலுக்கவில்லையா?" கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் திருமலைக்காரர், அதாவது திருகோணமலைக்காரர், வீட்டு முடுக்கால் இறங்கினால் கடல். காசு கொடுத்துக் கடல் பார்ப்பதே அவர்களுக்குப் பகிடி. சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்தே பார்ப்போம்.

எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும் நாளைத்தான் 'கடல் நாள்' என்கிறார்கள். புக்கெட்டை விட்டால் கொழும்புதான், நடுவில் முழுதாக இரண்டு நாள். 20 நாட் வேகம், அதாவது மணிக்கு 20 கடல் மைல் என்றால் 24 மணித்தியாலத்தில் 480 கடல் மைல், ஏறக்குறைய 890 கிலோமீட்டர். இலங்கையின் வட முனைப் பருத்தித்துறையில் இருந்து நேர்கோட்டில் தென் முனைத் தேவேந்திரமுனைக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம். அவ்வளவு ஓடியும் மேசையில் இருந்த பிளேன்ரீ தளும்பவில்லை. தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால் என்பதால், இரவில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பச் சொன்னார்கள். இனாமாக ஒன்றரை மணி நித்திரை. முதல் நாள் காலை அம்மா சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு எழும்ப, பரிமாறும் பையன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான். இரண்டாம் நாள் அவர் அடுக்கவில்லை. ஓய்வு என்று எதையாவது சொல்வதென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. நீச்சல் குளத்தடிக் கதிரைகளில் விடியற்காலையே துவாயை விரித்து இடம் பிடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பத்து மணிவரை ஆளைக் காணோம், துவாய்தான் வெயில் காய்கிறது. யன்னல் இல்லாத உள் அறை மலிவுதான், ஆனால் விளக்கை அணைத்தால் நடுப்பகலா நடுச்சாமமா என்று தெரியாது. இணையத்துக்குக் கேட்ட காசைப் பார்த்து நான் போனை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன், அது நல்லதாகவே முடிந்தது. பெரிய குறை வேறு. பத்தாம் மாடியில் நின்று பார்க்கும் கடல், கீழே விரித்துப் போட்ட நீலத் தரை மாதிரிக் கிடக்கிறது. உப்பு மணம் இல்லை, ஒரு துளி மேலே தெறிப்பதில்லை. அப்பா மட்டும் இரண்டாம் நாள் பின்னேரம் "திருமலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மேற்கே போகிறோம், ஆகவே வலது பக்கம் என்றேன். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் போட்டு இருந்தார். ஒன்றும் தெரியாது, தண்ணிதான்.

இனி நம்முடையது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை திமிங்கிலம் பார்க்க நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்தில் இருந்து விடிய ஆறு மணிக்கு முன்னரே போட் வெளிக்கிடும். இங்கே கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி வெளியே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது, அதனால்தான் அவை கரைக்கு இவ்வளவு கிட்ட வருகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் கோயில் மலையில் நின்றே காணலாம். நான் போனது இருபது அடி ஃபைபர் போட். முதலில் தூரத்தில் ஆவி மாதிரி ஒரு பீச்சு, அப்புறம் சாம்பல் நீலத்தில் ஒரு முதுகு வருகிறது, வருகிறது, முடியவே இல்லை. நீலத் திமிங்கிலம் எண்பது அடி வரும், எங்கள் போட்டைப் போல நாலு. ஓட்டி இன்ஜினை நிறுத்தினார். அந்த மூச்சுச் சத்தம் காதுக்குள் கேட்டது.

ஓய்வா? அதைக் கேட்காதீர்கள். பலகையில் அடிபட்டு இடுப்பு நோகிறது, பந்தல் இல்லாவிட்டால் வெயில் தோலை உரிக்கும், வயிறு பிரட்டுகிறது. "தம்பி, குனியாதயும், தூரத்தில பாரும்" என்றார் ஓட்டி. பார்த்தேன், ஆனாலும் வாந்தி வந்தது. கப்பலுக்கு ஆட்டத்தைக் குறைக்க இரு பக்கமும் தண்ணீருக்குள் செட்டை இருக்கிறது, நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையை எடுத்தால் இன்னும் நிம்மதி. போட்டில் நாம்தான் செட்டை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் கப்பலில் போன தெற்குக் கடல் பாதையில், மிரிஸ்ஸவுக்கு அப்பால், இதே திமிங்கிலங்கள் கப்பலில் அடிபட்டுச் சாவது பல வருடமாகப் பேசப்படும் பிரச்சினை. தளும்பாத பிளேன்ரீயைக் குடிக்கும்போது எனக்கு அது நினைவில் இல்லை. இப்போது இருக்கிறது.

புறாமலைத் தீவை இந்த இரண்டுக்கும் நடுவில் வைக்கலாம். நிலாவெளியில் இருந்து ஒரு கிலோமீட்டர்தான், சில நிமிட ஓட்டம். 2003இல் இருந்து கடல் தேசியப் பூங்கா, அனுமதிச் சீட்டு வேண்டும். முகமூடியைப் போட்டுக்கொண்டு தலையைக் கவிழ்த்தால் பவளமும் மீனும், பயப்படத் தேவையில்லாத சின்னச் சுறாக்களும். ஆனால் விடுமுறை நாளில் சனம் மிதிபடும், நிழல் குறைவு. விடியவே போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவது புத்தி. வாடைக்காலத்தில் நினைக்கவே வேண்டாம்.

ஆக, உடம்பு ஆறவேண்டும் என்றால் கப்பல், வாதமே இல்லை. கடல் வேண்டும் என்றால் போட். இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும் என்று நம்பிக் காசு கட்டாதீர்கள். அப்பாவோ காசே கட்டுவதில்லை, பின்னேரம் டச்சு பே மணலில் சாரத்தோடு போய் இருந்துவிடுவார்.

அக்கா வரும் ஆவணியில் இங்கே வருகிறார், எல்லோரும் திமிங்கிலம் பார்க்கப் போகவேண்டுமாம். அப்பா யோசிக்கிறார். அம்மா கேட்டது ஒன்றுதான், போட்டில் தேத்தண்ணி தருவார்களா என்று.