பிஹெச்டியா, கன்சல்டன்சியா, மதிப்பீட்டு அமைப்பா?

சுகாதாரப் பொருளாதாரத்தில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு "ஆராய்ச்சிக்குப் போகிறேன்" என்று சொல்பவர்கள், மூன்று வேறு வேறு வாழ்க்கைகளை அந்த ஒரே வார்த்தைக்குள் அடைத்துவிடுகிறார்கள். மூன்றிலும் எக்செல், ஆர் என்ற புள்ளிவிவர மென்பொருள், நோயாளிகள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போவதைக் கணக்கிடும் மார்க்கோவ் மாடல் எல்லாம் உண்டு, அதனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் கேள்வியைக் கேட்பது யார் என்று பாருங்கள், அங்கேதான் வித்தியாசம்.

கன்சல்டன்சியில் கேள்வி மருந்து கம்பெனியுடையது. புது மருந்தால் ஒரு குவாலி, அதாவது முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டு, கூடுதலாகக் கிடைக்க எவ்வளவு செலவாகும் என்று மாடல் கட்ட வேண்டும். எந்த மருந்தை அரசு மருத்துவச் சேவையில் கொடுக்கலாம் என்று சொல்லும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு பல ஆண்டுகள் ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்ற அளவுகோலை வைத்திருந்தது. விடை அதற்குள் அடங்க வேண்டும் என்பதுதான் வாடிக்கையாளரின் ஆசை, வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும். பொதுவாகச் சம்பளம் இங்கேதான் அதிகம். அடுத்தடுத்து வெவ்வேறு நோய்களுக்கு மாடல் கட்டுவதால் கையும் சீக்கிரம் பழகிவிடும். சிக்கல் என்னவென்றால் மாடல் கம்பெனியின் சொத்து, அது கட்டுரையாக வெளிவருமா என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது.

கம்பெனி அனுப்பும் அதே மாடலை நைஸ் போன்ற அமைப்புக்காகச் சரிபார்ப்பதுதான் மேஜையின் எதிர்ப்பக்கம், அதாவது மதிப்பீட்டு வேலை. "சோதனை இரண்டு வருடம்தான் நடந்தது, பலன் முப்பது வருடம் நீடிக்கும் என்று கோடு போட்டிருக்கிறீர்களே, எதை நம்பி?" என்று கேட்கிற வேலை. எனக்கு மூன்றில் மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் சண்டைக்கார புத்தி இருந்தால் நன்றாக ஒட்டும். எதை ஆராய்வது என்பதை வரிசையில் நிற்கும் மருந்துகளே தீர்மானித்துவிடும், அது ஒரு குறை. ஆனால் இங்கிலாந்தில் இந்தச் சரிபார்ப்பைப் பெரும்பாலும் பல்கலைக்கழகக் குழுக்கள்தான் செய்கின்றன, ஆகவே ஆராய்ச்சி உதவியாளராக உள்ளே நுழைய மாஸ்டர்ஸ் பட்டமே பல நேரம் போதும்.

சொந்தக் கேள்வி வேண்டுமென்றால் பிஹெச்டி. அதிலும் இரண்டு ஊர் உண்டு. பொதுச் சுகாதாரத் துறையில் சேர்ந்தால் மேலே சொன்ன மாடல் உலகத்தின் தொடர்ச்சி, ஐரோப்பாவில் மூன்று நான்கு வருடம். பொருளாதாரத் துறையில் சேர்ந்தால் அது பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரையின் வம்சம்: காப்பீடு, டாக்டருக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியாமல் இருப்பது, அந்த மாதிரி. அமெரிக்காவின் ஒரெகான் மாநிலம் 2008இல் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீட்டுக்குக் குலுக்கல் நடத்தியதும் அதை வைத்து ஆய்வு செய்தார்களே, காப்பீடு கிடைத்தவர்களிடம் பணக்கஷ்டமும் மனச்சோர்வும் குறைந்தன, ஆனால் ரத்த அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை, அப்படிப்பட்ட கேள்விகளெல்லாம் இங்கேதான். அமெரிக்காவில் ஐந்தாறு வருடம் பிடிக்கும், முதல் வருடமே கணிதம் கழுத்தைப் பிடிக்கும். சுகாதாரப் பொருளாதார மாஸ்டர்ஸ் பல இடங்களில் அதற்குத் தயார் செய்வதே இல்லை.

என்னைக் கேட்டால், இரண்டு வருடம் பல்கலைக்கழகக் குழு ஒன்றில் உதவியாளராக இருந்து பாருங்கள், அப்புறம் பிஹெச்டியைப் பற்றி யோசிக்கலாம். நேர்காணலில் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இதற்கு முன் இதே இடத்தில் இருந்தவர் பெயர் எத்தனை கட்டுரைகளில் வந்திருக்கிறது, அவர் இப்போது எங்கே இருக்கிறார்?